கேட்டது என்று ஒரு பதில்

(கோவளத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்தது. பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றவில்லை.)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச அழைக்கப்பட்டவனுக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவர்கள் பசியோடு இருப்பார்கள், அதனால் தூங்க மாட்டார்கள். அந்த வகையில் செயலாளருக்கு நன்றி. என்ன தலைப்பு சார் என்று கேட்டேன். "உன் இஷ்டம், ஆனா உன் கம்பெனியைப் பத்திப் பேசாதே" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பந்தலில் உட்கார்ந்தால் எதிரே கடல்தான் தெரிகிறது. ஆகவே கடலைப் பற்றிப் பேசுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், கடலில் தனியாக மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பற்றி.

நாம் படிக்கும் காலத்தில் தாம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறி இங்கே வந்தபோது கோவளம் என்றால் நமக்குக் கட் அடித்துவிட்டு வரும் இடம், அவ்வளவுதான். 1752இல் கிளைவ் பிடித்த கோட்டை இங்கேதான் இருந்தது என்பது அப்போது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கர்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, அதற்குப் பக்கத்தில் மீனவர் குப்பம். 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. இப்போது அலைச்சறுக்குப் பலகையோடு வெள்ளைக்காரர்களும் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஆனால் விடியற்காலையில் ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அதே குப்பத்து ஆட்கள்தான். நேற்றே வந்துவிட்டதால் காலையில் அந்தப் பக்கம் நடந்து போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, எஞ்சின் நின்னு போய் இழுத்துக்கிட்டுப் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கூட ஆள் இருந்தா பேசிக்கிட்டிருப்போம் தம்பி. கரையில தேடுறாங்கன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் கூடவே தாங்கலாம். தெரியலேன்னாதான் கஷ்டம்."

இந்தப் பதிலை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, கூட ஆள். இன்னொன்று, கரையில் தேடுகிறார்கள் என்று தெரிவது. நான் இன்று சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 28. அந்தமானில் ஷஹீத் தீவைச் சேர்ந்த ஒருவர், வயது ஐம்பதை நெருங்கியவர், ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு படகில் கிளம்பினார். அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்கு மளிகைச் சாமானும் குடிதண்ணீரும் விற்பது அவர் தொழில். புயலில் சிக்கினார்கள். திசை தவறியது, எரிபொருள் தீர்ந்தது. நடுவில் மியான்மர் கடற்படைக் கப்பல் ஒன்று எரிபொருளும் ஒரு திசைகாட்டியும் கொடுத்ததாகப் பின்னால் அவர் சொன்னார். அதை வைத்துத் திரும்பும்போது இன்னொரு புயல். மறுபடி எரிபொருள் இல்லை, சாப்பாடும் இல்லை. கூட வந்த நண்பர் படகிலேயே இறந்து போனார். உடல் கெடத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் கடலில் விட்டார். அதன் பிறகு அந்தப் படகில் அவர் ஒருவர்தான். மழை பெய்தால் துண்டை நனைத்துப் பிழிந்து குடித்திருக்கிறார். அக்டோபர் 25ஆம் தேதி, இருபத்தெட்டாவது நாள், ஒடிசாவில் பூரி மாவட்டத்தின் கிரிசாஹி கிராமத்துக் கரையில் அந்தப் படகு ஒதுங்கியது. வங்காள விரிகுடாவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கடந்து வந்திருந்தது.

செய்தி வந்த அன்று நான் பார்த்த பேப்பர்களில் எல்லாம் ஒரே விஷயம்தான். என்ன சாப்பிட்டார், எதைக் குடித்தார். நியாயமான கேள்விதான், நானும் முதலில் அதைத்தான் தேடிப் படித்தேன். நண்பரைக் கடலில் விட்ட மறுநாள் காலையில் கண் விழித்தபோது அந்த மனிதர் யாரோடு பேசினார் என்பதை நான் படித்த எதுவும் சொல்லவில்லை.

அதைச் சொன்ன ஒருவர் உலகத்தில் இருக்கிறார். சால்வடோர் அல்வரெங்கா. எல் சால்வடார் நாட்டுக்காரர், மெக்சிகோவில் சுறா பிடித்துப் பிழைத்தவர். 2012 நவம்பரில் எசெக்கியேல் கோர்தோபா என்ற இளைஞரை, அதிகம் பழக்கமில்லாதவரை, துணைக்குச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போனார். புயல் அடித்தது. எஞ்சின் போனது, ரேடியோ போனது. படகு பசிபிக் பெருங்கடலில் மேற்கே மிதக்கத் தொடங்கியது. பச்சை மீன், ஆமை, படகில் வந்து உட்காரும் பறவை, இதுதான் ஆகாரம். சில மாதங்களில் அந்த இளைஞருக்குப் பச்சைப் பறவைக் கறி ஒத்துக்கொள்ளாமல் போய், பிறகு எதையுமே சாப்பிட மறுத்து, இறந்து போனார். அல்வரெங்கா அந்த உடலை ஆறு நாள் படகிலேயே வைத்திருந்தார். காலையில் அதைப் பார்த்து நலம் விசாரிப்பார். அதன் சார்பில் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். ஆறாம் நாள்தான் தான் பேசுவது ஒரு பிணத்தோடு என்று உறைத்து, உடலைக் கடலில் இறக்கிவிட்டார். 2014 ஜனவரி 30ஆம் தேதி மார்ஷல் தீவுகளில் எபோன் என்ற பவளத்தீவில் கரை ஏறினார். கணக்குப் போட்டால் 438 நாள். ஜோனதன் ஃபிராங்க்ளின் என்ற பத்திரிகையாளர் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

கேட்கும்போது நமக்கு இது பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு நாளும் அவரைத் தாங்கியது அந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். அவர் ஊர் திரும்பிய சில வாரத்தில் மெக்சிகோ போய் அந்த இளைஞரின் தாயாரைப் பார்த்தார். இறக்கும் முன் பையன் கேட்டுக்கொண்ட காரியம் அது. ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற கடன் ஒருவன் தலையில் இருந்தால், அவனால் அவ்வளவு சுலபமாகச் செத்துவிட முடியாது போலிருக்கிறது.

இதற்கு நேர் மாறாக, நம் நாட்டிலேயே இன்னொன்று. அதே 2019, ஜூலை மாதம். மேற்கு வங்கத்து மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் பதினைந்து பேர். மூங்கில்களையும் காலி டிரம்களையும் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். ஒவ்வொருவராகக் கை விட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் தன் உறவுக்காரப் பையனைத் தோளில் தாங்கியபடியே மிதந்தார். ஐந்தாம் நாள் வங்கதேசக் கப்பல் ஒன்று சிட்டகாங் பக்கத்தில் அவரைக் கண்டு தூக்கியது. அதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் அந்தப் பையன் போயிருந்தான். காப்பாற்றிய மாலுமிகள் ஆனந்தத்தில் கூச்சல் போடும் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்து ஏறுகிறவரின் மனதில் என்ன இருந்திருக்கும் என்பது அந்த வீடியோவில் தெரியாது. பையன் தோளில் இருந்தவரை அவனுக்காக மிதந்தார், அதற்குப் பிறகு எதற்காக மிதந்தார்? என்னிடம் விடை இல்லை.

இங்கே நிறைய இஞ்சினியர்கள் இருப்பதால் ஒரு சின்னக் கணக்கு. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் தாகத்தில் சாகிறார்கள் என்று என் பையன் கேட்டான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் கடல் நீர் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும், அது உடம்பிலிருந்துதான் போகும். வரவை விடச் செலவு அதிகம். இது எல்லா மீனவருக்கும் தெரியும். தெரிந்தும் கடைசியில் குடித்துவிடுகிறார்கள். உடம்பு தோற்பதற்கு முன்னால் புத்தி தளர்கிறது. அந்த நேரத்தில் "குடிக்காதேடா" என்று கையைத் தட்டிவிட ஒருத்தன் வேண்டும். கூட ஆள் என்பதற்கு இப்படி ஒரு நடைமுறைப் பயனும் உண்டு.

ஆள் இல்லாதவன் ஆளைச் செய்துகொள்கிறான். 2000ஆம் ஆண்டு வந்த 'காஸ்ட் அவே' படம் நம் ஹாஸ்டலில் எத்தனை முறை ஓடியது என்று கணக்கில்லை. டாம் ஹாங்ஸ் ஒரு வாலிபாலுக்கு முகம் வரைந்து, வில்சன் என்று கூப்பிட்டுப் பேசுவார். பந்து அலையில் போகும்போது கதறுவார். ஒரு பந்துக்காக ஹாஸ்டல் ஹாலில் முரட்டுப் பசங்களெல்லாம் மூக்கை உறிஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன், மனைவிமார்கள் வந்திருக்கிறார்கள். அந்தக் கதையை எழுதிய வில்லியம் பிராய்ல்ஸ், எழுதுவதற்கு முன்னால் மெக்சிகோ பக்கம் ஆளில்லாத ஒரு கடற்கரையில் சில நாள் தனியாக இருந்து பார்த்தார். அங்கே கரை ஒதுங்கிய ஒரு வாலிபாலோடு அவரே பேசத் தொடங்கிவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் வில்சன். சில நாளிலேயே அந்த நிலை என்றால் 438 நாள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் நாட்டுக் கடற்படை அதிகாரி ஒருவர். கமாண்டர் அபிலாஷ் டாமி. 2012 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை 'மாதே' என்ற பாய்மரப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். 2018இல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். அந்தப் பந்தயத்தின் விதிகள் விசித்திரமானவை. ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்த முதல் பந்தயத்தில் இருந்த வசதிகள் மட்டும்தான் வழி கண்டுபிடிக்க. ஜிபிஎஸ் கூடாது, செக்ஸ்டண்ட், காகித வரைபடம், அவ்வளவே. 1969இல் அதில் வென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' படகு நம் பம்பாயில் தேக்கில் கட்டியது. அதே மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா'தான் அபிலாஷின் படகு.

செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசி. தென்னிந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல். பெரும் புயலில் படகு முழுக் குட்டிக்கரணம் அடித்தது. பாய்மரம் ஒடிந்தது. அவர் உயரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்திருக்க முடியாது, கால் அசையாது, குடித்தால் வாந்தி. தன்னிடம் இருந்த செய்திக் கருவியில் நிலைமையை நாலு வார்த்தையில் அடித்து அனுப்பிவிட்டுப் படுக்கையில் கிடந்தார்.

அதே புயலில் அயர்லாந்து வீரர் கிரெகர் மெக்கக்கினின் படகும் பாய்மரத்தை இழந்திருந்தது. அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒடிந்த துண்டுகளை வைத்து ஒரு தற்காலிகப் பாய்மரம் கட்டி, அபிலாஷ் இருந்த திசைக்கு ஊர்ந்து வரத் தொடங்கினார். போட்டியாளர், தானே ஊனப்பட்டவர், வந்தால் என்ன செய்ய முடியும் என்றும் தெரியாது. ஆனாலும் வந்தார்.

நம் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து கிளம்பிப் போய்த் தேடியது. இந்த வகை விமானங்களின் தளம் நம் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி. விமானம் நெருங்கியபோது படுத்துக் கிடந்த அபிலாஷ் தன் அவசர ஒலிபரப்பியை இயக்கி ஒரு சிக்னல் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். பாய்மரம் ஒடிந்த படகு விமானத்திலிருந்து பார்த்தாலே தெரியும். கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் அந்த சிக்னல். செப்டம்பர் 24ஆம் தேதி 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரைத் தூக்கியது. மெக்கக்கினையும் அதே கப்பல் ஏற்றிக்கொண்டது. 'துரியா' நடுக்கடலிலேயே விடப்பட்டது. முதுகில் டைட்டானியம் வைத்துத் தைத்தார்கள், நடக்கக் கற்றுக்கொண்டார். 2022 செப்டம்பரில் மறுபடியும் அதே பந்தயத்துக்குக் கிளம்பி, 2023 ஏப்ரல் 29ஆம் தேதி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

முதல் பந்தயத்தில் நம் இனத்து ஆள் ஒருவர் இருந்தார். டொனால்ட் குரோஹர்ஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினியர். படகு சரியில்லை, திரும்பினால் கடனில் மூழ்க வேண்டும், முன்னே போனால் உயிர் போகும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை ரேடியோவில் அனுப்பினார். 1969 ஜூலையில் அவர் படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. அவரிடம் ரேடியோ இருந்தது, கரையில் ஆட்களும் இருந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒருவர் இல்லை. கருவி இருந்தாலே துணை இருப்பதாக எண்ணக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வென்ற நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன் பரிசுப் பணம் 5,000 பவுண்டை குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

செயலாளர் வாட்சைப் பார்க்கிறார். கம்பெனியைப் பற்றிப் பேச மாட்டேன், ஆனால் துறையைப் பற்றி இரண்டு நிமிஷம். நான் தொலைத்தொடர்புக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரைக்கும் படகுக்கும் இடையே வழி இல்லை. நம் இஸ்ரோ செய்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி ஒன்று 2010லிருந்து புழக்கத்தில் உண்டு. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெங்களூரில் உள்ள மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பயன்பாட்டில் இருப்பதாக இஸ்ரோ சொன்னது. நல்ல கருவி. ஒரே குறை, அது ஒருவழிப் பாதை. அழுத்தியவனுக்கு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. அழுத்தினான், இருட்டு. மறுபடி அழுத்தினான், மறுபடி இருட்டு.

2024 ஜனவரியில் இஸ்ரோ இதன் இரண்டாம் தலைமுறையை அறிவித்தது. அதில் கரையிலிருந்து படகுக்குப் பதில் வரும், புயல் எச்சரிக்கையும் வரும், புளூடூத் வழியாக மீனவரின் செல்போனில் அவர் மொழியிலேயே தெரியும். ஐரோப்பியர்களும் தங்கள் கலிலியோ செயற்கைக்கோள்கள் வழியாக 2020இல் இப்படிப் பதில் அனுப்பும் சேவையைத் தொடங்கினார்கள். இஞ்சினியராகப் பார்த்தால் பெரிய விஷயம் இல்லை, ஒரு அக்நாலெட்ஜ்மென்ட், சில பைட்டுகள். அந்தப் பதிலால் கப்பல் ஒரு நிமிஷம் கூட முன்னதாக வந்துவிடாது. "பதில் அனுப்புவதால் மீட்பு வேகமாகுமா, இல்லையென்றால் எதற்கு இந்தச் செலவு?" என்று ஒரு கூட்டத்தில் பெரிய படிப்புப் படித்தவர் ஒருவர் கேட்டார். இன்று காலை வலை பிரித்த பெரியவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, நம் வீட்டு விஷயம். எங்கள் வகுப்பில் ஒருவன் மரைன் பக்கம் போனான். 2020இல் கொரோனா வந்தபோது துறைமுகங்கள் மூடப்பட்டு உலகம் முழுவதும் நான்கு லட்சம் மாலுமிகள் வரை இறங்க முடியாமல் கப்பல்களிலேயே தங்க வேண்டியிருந்தது. அவனும் அதில் ஒருவன். ஒப்பந்தம் முடிந்தும் ஏழு மாதம் கூடுதலாக இருந்தான். அந்தச் சமயத்தில் இங்கே சேலையூரில் அவன் அப்பா தவறிவிட்டார். நாங்கள் நாலு பேர்தான் முகக்கவசத்தோடு போய் நின்றோம். கப்பலில் நெட் கிடைக்காததால் அவனால் வீடியோவில் கூடப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் லைனில் கிடைத்தான். அழவில்லை. "யார் யார் வந்தீங்க, யார் தூக்கினீங்க, எந்தப் பக்கம் யார்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் சொல்லச் சொல்ல, "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் முறை போட்டுக்கொண்டு தினமும் ஒருவர் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினோம். பெரிதாக ஒன்றும் இல்லை, குரோம்பேட்டையில் மழை, அம்மா நன்றாக இருக்கிறார், கேண்டீன் மாஸ்டரைப் பார்த்தேன், இப்படி. சில நாள் பதில் வரும், பல நாள் வராது. கப்பல் எங்கே இருக்கிறதோ, நெட் எப்போது கிடைக்குமோ. இறங்கி வந்த பிறகு அவன் சொன்னான்: "நெட் வர்றப்போ மொத்தமா இருபது முப்பது மெசேஜ் விழும்டா. தேதி போட்டு வரிசையா படிப்பேன். ஒரு நாள்கூட விட்டுப் போகலைன்னு பார்க்கறதுக்காகவே எண்ணிப் பார்ப்பேன்."

அவன் இன்றைக்கு வரவில்லை, மறுபடியும் கடலில்தான் இருக்கிறான். இந்தக் கூட்டத்துப் படம் ஒன்று அவனுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே சாப்பிடப் போகும் முன் எங்கள் பேட்ச் ஆட்கள் அந்தப் புங்கமரத்தடிக்கு வந்து நிற்கவும். சீனியர்களும் வரலாம், அவன் கண்டுபிடித்துவிடுவான்.